அம்மாவைவிட மூத்தவள்

துறைமுக வாயிலில் வரிசை மெதுவாக நகர்ந்தது. தன் முறை வந்ததும் பெர்னத்தம்மாள் ஊதுமானியின் குழலை வாயில் வைத்துக்கொண்டாள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, ஆறு விநாடி விடாமல் ஊத வேண்டும். மணிக்கட்டில் ஒட்டிய நாடிப்பட்டை அதே நேரத்தில் ரத்தக்குழாயின் இறுக்கத்தை அளக்கும். இருபத்திரண்டு வருடமாக நிலக்கரி இறக்கும் கிரேனை ஓட்டுகிறவளுக்கு, இதுவும் பல் தேய்ப்பதைப் போலப் பழகிப்போன காரியம்.

நான்காவது விநாடியிலேயே இருமல் வந்துவிட்டது.

“அக்கா, இன்னொரு தடவை ஊதுங்க,” என்றாள் பரிசோதகர் நஸ்ரின்.

இன்னும் இரண்டு முறை ஊதினாள். திரையில் அறுபத்தொன்று என்றே வந்தது.

அது அவளுடைய தமனி வயது. அவள் பிறந்து நாற்பத்தெட்டு வருடம்தான் ஆகிறது. ஆனால் பிறந்த தேதியை இப்போது யாரும் கேட்பதில்லை. அடையாள அட்டையில் அதற்கு இடமும் கிடையாது. நடுவயதில் நுரையீரல் தளர்ந்தவர்களுக்குத் தமனியும் இறுகிப்போகிறது என்பது முதலில் மருத்துவர்களின் எச்சரிக்கையாகத்தான் இருந்தது. பிறகு சட்டமாயிற்று. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்ட எண்தான் ஒருவரின் வயது. அறுபதைத் தாண்டினால் கட்டாய ஓய்வு. தாண்டாதவரை உழைத்தே ஆக வேண்டும்.

நஸ்ரின் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “குழலைத் தாங்கக்கா, நான் ஊதிடுறேன். பட்டையையும் நானே ஒட்டிக்கிறேன்.”

பெர்னத்தம்மாள் கொடுக்கத்தான் போனாள். போன வாரம் கிரேன் ஏணியில் பாதி ஏறியபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. அன்றைக்கும் கீழே ஆட்கள் நின்றிருந்தார்கள்.

“வேணாம்மா. என்னை எனக்கே நம்ப முடியல. உள்ளதைப் போட்டுரு.”

ஓய்வு பெறுகிறவர் தனியாக இருக்கக் கூடாது. அவரைவிட இளைய உறவினர் ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். கணவர் இறந்து ஒன்பது வருடமாகிறது, பிள்ளைகள் இல்லை. மிச்சமிருந்தது பாம்பனில் இருக்கும் அம்மா சந்தியாகம்மாள்தான். சிறுவயதிலிருந்தே கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறவள். பிறந்து எழுபத்தொரு வருடம். அத்தனை காலமும் மூச்சடக்கிப் பழகிய உடம்பு. தமனி வயது ஐம்பத்து நான்கு.

அம்மா மதிய ரயிலில் வந்து இறங்கினாள். ஓய்வு அலுவலகத்தில் எழுத்தர் இரண்டு அட்டைகளையும் வாங்கிப் படித்தார்.

“பெர்னத்தம்மாள், அறுபத்தொன்று. பொறுப்பாளர் சந்தியாகம்மாள், ஐம்பத்து நான்கு. உங்க அக்காவா?”

“நான் பெத்த மக.”

எழுத்தர் தலை நிமிரவில்லை. “அதுக்கு இதுல கட்டம் இல்லம்மா. தங்கச்சின்னு போட்டுக்கிறேன்.”

அம்மா கையெழுத்துப் போட்டாள்.

பாம்பனில் மறுநாள் விடிந்ததும், வலைப்பையை இடுப்பில் கட்டிக்கொண்டு அம்மா கிளம்பினாள். வாசற்படியில் இறங்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு முட்டியும் வீங்கியிருந்தன.

“இன்னைக்கு ஒரு நாள் போகாதம்மா.”

“போகலைன்னா அட்டையை முடக்கிருவாங்க. எனக்கு இன்னும் ஆறு வயசு பாக்கி இருக்காம்.”

“முட்டி வலிக்குதுன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“முட்டியை எங்க ஊதிப் பார்க்கிறாங்க?”

பெர்னத்தம்மாள் பழைய சேலை ஒன்றைக் கிழித்து எடுத்துவந்தாள். அம்மாவைப் படியில் உட்காரவைத்து முட்டியைச் சுற்றிக் கட்டத் தொடங்கினாள்.

“ஏன் தாயி,” என்றாள் அம்மா, “உன் கரிக்கிடங்குல எத்தனை நாள் நின்னா எனக்கு அறுபது வரும்?”

சிரிக்கலாம் என்று நிமிர்ந்தாள் பெர்னத்தம்மாள். அம்மா விளையாட்டுக்குக் கேட்கவில்லை. பதிலுக்காக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெர்னத்தம்மாள் மறுபடி குனிந்து துணியைச் சுற்றினாள். இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் மூச்சு வாங்கியது. துணியின் நுனியை விடாமல் பிடித்துக்கொண்டு, மூச்சு திரும்பட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். அம்மாவும் காலை நீட்டியபடி அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள்.