பின்கட்டுப் பாய்

தட்டு கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. புவனேஸ்வரி அதைக் கழுவவில்லை. அதில் அவள் சாப்பிடவும் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் பிரியாணி தின்ற கையைக் கழுவப் பின்கட்டுக்கு வந்தவள், குழாயடியிலேயே நின்றுவிட்டாள். காலையில் கிளம்பும்போது மாமியார் ஜெயம்மாள் எட்டி நின்று அந்த அலுமினியத் தட்டில் தயிர்சோறு போட்டு, டம்ளரில் கை படாமல் மேலிருந்து தண்ணீர் ஊற்றிவிட்டுப் போயிருந்தார். இப்போது சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை. தட்டின் விளிம்பைச் சுற்றிச் சிமெண்ட் தரை ஈரமாக இருந்தது. பூனை தின்றிருக்கும் என்று நினைத்தாள். தின்ற தட்டைக் கழுவி வைக்கும் பூனை எந்தத் தெருவில் இருக்கிறது என்று உடனே தோன்றியது. அந்த நினைப்பை விரட்டிவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

தட்டும் டம்ளரும் பாயும் ஒரு பொய்க்காக அங்கே வந்தவை. செய்யாறு பக்கம் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கக் குடும்பமே வேனில் கிளம்பியது. கல்யாணமாகி வந்த நாள்முதல் இந்த வீட்டில் அவள் ஒரு வேளைகூடத் தனியாக இருந்ததில்லை. விடிந்தால் அடுப்பு, அடுப்பை அணைத்தால் கணவனின் தறிக்கு ராட்டையில் நூல் சுற்றல், நடுவில் பத்துக் குரல்கள் பத்துப் பக்கமிருந்து கூப்பிடும். யாரும் கூப்பிடாத வீட்டில் இரண்டு நாள் காலை நீட்டிப் படுக்க ஆசைப்பட்டாள். அதைக் கேட்க வாய் வரவில்லை. அதனால், கிளம்புகிற அன்று விடிகாலையில், தான் தூரமாகிவிட்டதாகச் சொன்னாள். மற்ற நேரங்களில் மாதவிலக்கை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கோயில் காரியம் என்றால் மட்டும் பழைய வழக்கம் எழுந்து உட்கார்ந்துகொள்ளும். தறிக்கூடத்தைத் தாண்டிப் பின்கட்டு மூலையில் பாய், தனித் தட்டு, தனி டம்ளர். தறியைத் தொடக்கூடாது, ராட்டையைத் தொடக்கூடாது.

மாமியார் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "வவுறு வலிச்சா சுக்கு தட்டி வெச்சிருக்கேன், போட்டுக் குடிமா" என்றார். ஒன்பது வயது மகள் கீர்த்திக்கு அது முதல் மாவிளக்கு. வேனில் ஏறியும் அவள் அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. புவனேஸ்வரிக்கு உடம்பெல்லாம் கூசியது. வேன் தெருமுனை திரும்பியதும் கூச்சமும் கூடவே போய்விட்டது என்பதுதான் உண்மை. கணவன் சிவபாலனின் நாற்காலியில் சம்மணமிட்டு உட்கார்ந்து, விரதம் இருக்கும் வீட்டில் ஆட்டுக்கறி பிரியாணி வரவழைத்து, எலும்பைக்கூட விடாமல் உறிஞ்சினாள். ராணி மாதிரி இருந்தது.

சாயந்திரம் தெருவில் தறிச் சத்தம் ஒவ்வொரு வீடாக ஓய்ந்து, கோயில் மணி அடித்து அடங்கி, கூடத்துக்குள் வெளிச்சம் சுருங்கச் சுருங்க, பின்கட்டிலிருந்து ஒரு வாடை மெல்ல முன்னால் வந்தது. நனைந்த கோரையும் புளித்த சோறும் வெயில் படாமல் உலர்ந்த துணியும் கலந்த வாடை. எங்கோ அறிந்த வாடைதான், எங்கே என்று பிடிபடவில்லை. போன் அடித்தது. கீர்த்தி.

"அம்மா, ரொம்ப வலிக்குதா?"

"இல்லடா. பாய்லதான் படுத்துக்கினு இருக்கேன்."

சொல்லி முடிப்பதற்குள் பின்கட்டில் பாய் சரசரத்தது, யாரோ புரண்டு படுப்பதுபோல.

கீர்த்தி இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். மாவிளக்குக்கு மாவு இடித்ததையும், நாளைக்கு அம்மாவின் வயிற்றுவலிக்காக வேண்டிக்கொள்ளப் போவதையும் சொன்னாள். புவனேஸ்வரிக்குக் காது அடைத்திருந்தது. போனை வைத்தபோது, தறிக்கூடத்து இருட்டுக்கு அப்பாலிருந்து டம்ளர் தரையில் உரசும் சத்தம் கேட்டது. பிறகு, நாள்கணக்கில் யாரிடமும் பேசாத தொண்டையிலிருந்து வரும் ஒரு குரல்.

"கொஞ்சம் தண்ணி ஊத்துமா."

அவள் எழவில்லை. டிவி சத்தத்தைக் கூட்டினாள். அந்தக் குரல் கெஞ்சியது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. விளக்கை எரியவிட்டு நாற்காலியிலேயே தூங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறிய பிறகு தைரியம் வந்து பின்கட்டுக்குப் போனாள். பாயில் யாருமில்லை. நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துப் படுத்த அளவுக்குக் கோரை பதிந்திருந்தது. கொடியில் போட்டிருந்த அவளுடைய ஊதா நைட்டியைக் காணோம். தலையணையில் ஒரு நீள முடி. அவளுடையதைவிட நீளம். தறிக்கூடத்துக் கதவை இழுத்துத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து சிவபாலனுக்கு போன் செய்தாள்.

சொல்லிவிடலாம் என்றுதான் போன் செய்தாள். நான் தூரமில்லை, பொய் சொன்னேன், பயமாக இருக்கிறது, வாங்க. நாலு வார்த்தைதான். அவன் எடுத்ததும் பின்னால் பம்பையும் உடுக்கையும் கேட்டன. சாமி வந்து ஆடும் யாரோ "வராதவ யாரு, வராதவ யாரு" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஜெயம்மாள் அவளுக்காக மன்றாடும் குரலும் கேட்டது. என் மருமக மேல தப்பில்ல ஆத்தா, அவ தூரம்.

"என்னா புவனா?" என்றான் சிவபாலன்.

வெட்கம் நாக்கைப் பிடித்துக்கொண்டது.

"ஒண்ணுமில்லங்க. எப்ப வரீங்கன்னு கேக்கத்தான்."

கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சு விட்டார்கள். நிம்மதியாக.

விளக்கு வைக்கும் நேரத்துக்குத் தெருமுனையில் வேன் ஹாரன் கேட்டது. புவனேஸ்வரி துள்ளி எழுந்தாள். அவள் இருக்க வேண்டிய இடம் பாய். பிரியாணி டப்பாவைப் புடவைக்குள் சுருட்டிக்கொண்டு ஓடினாள். தறிக்கூடத்துக் கதவின் தாழ்ப்பாள் திறந்திருந்தது. போட்டிருந்தாளே. நின்று யோசிக்க நேரமில்லை. வேன் கதவு திறக்கிறது. மாமியாரின் இருமல். பின்கட்டில் யாருமில்லை. பாய் காலி. நல்லவேளை. டப்பாவைக் குழாய்க்குப் பின்னால் தள்ளினாள். படுத்தாள். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

பாய் சூடாக இருந்தது.

முதுகுக்குப் பின்னால் ஈரக்கால் சத்தம். பின்கட்டிலிருந்து தறிக்கூடத்துக்கு. தறிக்கூடத்திலிருந்து முன்கூடத்துக்கு. அவசரமில்லாமல்.

வாசல் கதவை உள்ளிருந்து யாரோ திறந்தார்கள்.

"வாடா கீர்த்தி. விளக்கு நல்லா எரிஞ்சுதா?" அவளுடைய குரல். அவளுடைய சிரிப்பு.

எழுந்திருக்கப் பார்த்தாள். கோரை விடவில்லை. கூப்பிட வாயைத் திறந்தாள். காற்று மட்டும்.

உள்ளே பேச்சு, பாத்திரம், சிரிப்பு. நேரம் போனது. பிறகு சின்னக் கால்கள் தறிக்கூடத்தைத் தாண்டி வந்து பின்கட்டுப் படியில் நின்றன. கீர்த்தி. கையில் சொம்பு. அவளுக்குப் பின்னால், அவள் தோளில் கை வைத்தபடி, ஊதா நைட்டி.

"அம்மா, பாய்ல யாரு?"

"கிட்ட போவாத. தொடாம மேலருந்து ஊத்திட்டு வா."

கீர்த்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை நீட்டினாள். தண்ணீர் உயரத்திலிருந்து டம்ளரில் விழுந்தது. புவனேஸ்வரி மகளின் பெயரைத் தொண்டைக்குள் திரட்டினாள். முழு பலத்தோடு திரட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துமா."