இரண்டாவது மரச்சீட்டு

பட்டு வியாபாரி வீட்டு மியூசியத்தின் வாசலில் உட்கார்ந்திருந்த பெண்மணி, ஷூ வைக்கும் பெட்டிக்கான மரச்சீட்டுகளில் இரண்டை எடுத்துக் குனியோவின் முன்னால் வைத்தாள். பதினேழு, பதினெட்டு. குனியோ தனியாகத்தான் வந்திருந்தார். வேறு யாராக இருந்தாலும் ஒன்று போதும் என்று மற்றதைத் திருப்பித் தள்ளியிருப்பார்கள். அவர் தலையாட்டிவிட்டு இரண்டையும் எடுத்துக்கொண்டார். மனைவி சயோ போய் இன்றோடு நாற்பத்தெட்டு நாள். அத்தனை நாளும் அவர் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தார். டாக்டர் சொன்னதற்கு, எரிமேடைக்காரர்கள் சொன்னதற்கு, எலும்பு வைக்கும் ஜாடி வெள்ளையா நீலமா என்று கேட்டதற்குக்கூட. பிடிவாதமோ பணிவோ ஒன்றுமில்லை. பதில் சொல்ல உள்ளே ஆள் இல்லை, அவ்வளவுதான்.

சட்டைப்பையில் சயோவின் அட்டை இருந்தது. அசகுரே ஊரின் பழைய வீடுகள், மியூசியங்கள் என்று பத்து இடம். ஒவ்வொன்றிலும் ஒரு முத்திரை. பத்தும் சேர்ந்தால் கைத்துண்டு பரிசு. பிறந்து வளர்ந்த ஊரையே காசு கொடுத்துப் பார்க்கிறாயே, ஒரு துண்டுக்கா இந்த அலைச்சல் என்று அவர் சீண்டுவார். துண்டுக்கில்லை, உங்கள் மூஞ்சியைப் பார்ப்பதிலிருந்து ஒரு நாள் லீவு என்பாள் அவள். எட்டு வாங்கியிருந்தாள். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் அட்டையை அவர் கையில் வைத்து, இன்னும் ரெண்டுதான் என்றாள்.

நாளை நாற்பத்தொன்பதாம் நாள். கோயில் துறவி வருவார், அந்த ஜாடி இருக்கும் எலும்புப் பெட்டி கல்லறைக்குப் போகும், அவளும் செத்தவர்கள் போய்ச் சேரும் அக்கரைக்குப் போய்விடுவாள். பெட்டியோடு அந்த அட்டையையும் முடித்து வைத்து அவளை நல்லபடியாக அனுப்ப வேண்டும். அந்த மனிதருக்கு உலகத்தில் மிச்சமிருந்த காரியம் அது ஒன்றுதான்.

உள்ளே பழைய மரமும் ஈர வைக்கோலும் கலந்த வாசனை அடித்தது. காட்சிப் பெட்டிகளில் பட்டுக்கூடுகள், சீப்புகள், யாரோ கட்டிக்கொண்ட கல்யாண உடை. எதையும் பார்க்காமல் எல்லாவற்றின் முன்னாலும் சற்று நேரம் நின்றார். மாடிப் படிக்கட்டுக்கு வந்தபோது மேலே பலகை முனகியது. நின்று, நகர்ந்து, மறுபடி நின்றது. குனியோ முப்பத்தெட்டு வருடம் நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் வேலை பார்த்தவர். ரோட்டில் இரும்புக் கம்பியை ஊன்றி, அதன் முனையில் காதை வைத்து, எந்தக் குழாய் எங்கே கசிகிறது என்று சொல்கிற வேலை. அந்தக் காது சும்மா இருக்காது. வீட்டில்கூட எலும்புப் பெட்டி இருக்கும் அறைக்கு மேலே, கூரைக்குள், இந்த நாற்பத்தெட்டு நாளாக நகத்தால் தட்டுவதுபோல ஒரு சின்னச் சத்தத்தை அது கேட்டுக்கொண்டிருந்தது. எலி என்று முடிவு கட்டிக் கருவாடு வைத்துப் பொறி வைத்தார். கருவாடு தொடுவாரில்லாமல் கிடந்தது.

வாசல் பெண்மணி எழுந்து வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"உங்க வீட்டம்மா மேல தறிகிட்டயே நிக்கிறாங்க. ரொம்ப நேரமா. அவசரமில்ல, நிதானமா பாக்கட்டும்."

சயோ பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள். தறியைக் கண்டால் நகர மாட்டாள். குனியோவுக்கு நெஞ்சுக்குள் ஏதோ அசைந்தது. மரத்துப்போன காலில் ரத்தம் ஏறும்போது வலிக்குமே, அந்த வலி. சந்தோஷமாக இருந்தது என்பதை அவரே தாமதமாகத்தான் கண்டுபிடித்தார். மாடிக்கு ஓடினார். அங்கே தறி மட்டும் இருந்தது. அதன் முன்னால் பலகை ஈரமாக இருந்தது.

ஒன்பதாவது முத்திரையைக் குத்திக்கொண்டு வெளியே வந்தபோது, அவருடைய ஷூ பெட்டியிலிருந்து எடுத்து, அந்த ஊர் வழக்கப்படி வாசலைப் பார்க்கத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் இன்னொரு ஜோடிக்கு இடம் விடப்பட்டிருந்தது.

பத்தாவது, கோட்டைக்குப் பின்னால் இருக்கும் பழைய போர்வீரர் வீடு. மழையும் பனியும் கலந்து பெய்தது. குடையைப் பாதி மட்டும் தனக்குப் பிடித்துக்கொண்டு நடந்தார். பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். அந்தப் பாதியும் நனையட்டும் என்று விட மனசு வரவில்லை. பின்னால் ஒரு காலடி கேட்டது. அவர் இரண்டு எட்டு வைத்தால் அது ஓர் எட்டு வைத்தது. காது கணக்குப் போட்டுச் சொன்னது, இது நீளமான கால் என்று. அவர் காதைச் சும்மா இருக்கச் சொன்னார்.

போர்வீரர் வீட்டைப் பார்க்க வந்தவர்கள் வேறு யாருமில்லை. தோட்டத்தைப் பார்த்த உள்ளறையில் பாய் சில்லிட்டிருந்தது. காகிதம் ஒட்டிய கதவில் மாலை வெளிச்சம் சாம்பலாகக் கரைந்துகொண்டிருந்தது. அதே ஈர வைக்கோல் வாசனை. குனியோ மண்டியிட்டு உட்கார்ந்து, திரும்பிப் பார்க்காமல் பேசினார்.

"சயோ, எல்லாம் பாத்தாச்சு. வா, வீட்டுக்குப் போலாம். இன்னிக்கு ஒரு ராத்திரிதான் இருக்கு."

பின்னால் பாய் மெல்ல அழுந்தியது.

வெளியேறும் இடத்தில் கழுத்தில் அடையாள அட்டை போட்ட கிழவர் ஒருவர், காசு வாங்காமல் வந்து வழிகாட்டுகிற உள்ளூர்க்காரர், கையை உயர்த்தி உத்தரத்தைக் காட்டினார்.

"தலை பத்திரம். உங்களுக்கில்லைங்க, நீங்க குதிச்சாலும் இடிக்காது. பின்னாடி வர்ற அம்மாவுக்குச் சொன்னேன்."

குனியோ உத்தரத்தின் அடியில் நிமிர்ந்தே நடந்து போனார். பின்னால் துணி உரசி, எலும்பு நெரிந்து, ஏதோ ஒன்று குனிகிற சத்தம் கேட்டது. நிறையக் குனிந்தது. பிறகு நிமிர்ந்தது. நிமிர்வதற்கு நேரம் எடுத்தது.

சயோ அவருடைய தோள் உயரம்தான். அலமாரியின் மேல்தட்டில் இருப்பதை எடுக்க அவரைத்தான் கூப்பிடுவாள். கிழவருக்குக் கண் சரியில்லை என்று குனியோ நினைத்துக்கொண்டார். அப்படித்தான் நினைக்க வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் அந்தச் சந்தோஷத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவர் தலையாட்டிவிட்டுப் பத்தாவது முத்திரையைக் குத்தினார்.

வழியில் இருபத்து நாலு மணி நேரக் கடையில், படையலுக்கு அவளுக்குப் பிடித்த பயறு உருண்டை வாங்கினார். தானியங்கிக் கதவு அவருக்காகத் திறந்தது, மூடப் போனது, மறுபடி திறந்தது. கடைப் பையன் நிமிர்ந்து பார்த்தான். அவருக்குப் பின்னால், மேலே, எங்கோ பார்த்தான். பிறகு சட்டென்று குனிந்து பில் போட்டான். நன்றி சொல்லவில்லை.

ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. வீட்டுக் கதவை நகர்த்தி, வந்துட்டேன் என்றார். நாற்பத்தெட்டு நாளாக இதைச் சொல்லிக்கொண்டு நுழைந்தார். பதிலுக்கு வாங்க என்று சொல்ல ஆளில்லை. இன்று கதவை மூடாமல் ஓரமாக ஒதுங்கி நின்றார்.

"உள்ள வா" என்றார்.

குளிர் உள்ளே வந்தது. அவரைத் தாண்டிப் போனது. அவர் தாழ்ப்பாள் போட்டு, குனிந்து தன் ஷூவை வாசல் பக்கம் திருப்பி வைத்தார், பக்கத்தில் இடம் விட்டு.

போன் அடித்தது. சயோவின் தங்கை நத்சுயோ. நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும், பூ நான் வாங்கி வருகிறேன் என்று பேசிக்கொண்டே போனாள். குனியோவால் அடக்க முடியவில்லை. உங்க அக்கா இன்னிக்குப் பூரா என்னோடதான் இருந்தா, ரெண்டு எடத்துக்கும் வந்தா, இப்ப வீட்டுக்கும் வந்துட்டா என்று சொல்லிவிட்டார்.

நத்சுயோவின் குரல் தாழ்ந்தது.

"அத்தான், அக்கா எங்கயும் வந்திருக்க முடியாது. நாப்பத்தொம்பது நாள் முடியற வரைக்கும் செத்தவங்க வீட்டுக் கூரையை விட்டு நகர மாட்டாங்கன்னு கோயில் சாமியார் மொத நாளே சொன்னாரே. நீங்கதான தலையாட்டினீங்க."

அவர் பெட்டி இருந்த அறைப் பக்கம் திரும்பினார்.

"அத்தான், நீங்க யாரைக் கூட்டிட்டு வந்தீங்க?"

கூரைக்குள் அந்தச் சின்னச் சத்தம். நகத்தால் தட்டுவதுபோல. அவர் கேட்டார். இப்போதுதான் ஒழுங்காகக் கேட்டார். முப்பத்தெட்டு வருடக் காது. எலிக்கு இந்த எடை கிடையாது. எலி ஒரே இடத்தில், பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு மனிதர் படுத்திருக்கும் பாய்க்கு நேர் மேலே, விடிய விடிய உட்கார்ந்திருக்காது.

அவளுக்குத்தான் பொறி வைத்திருந்தார். கருவாடு வைத்து.

தட்டல் வேகமானது. பதறியது. பெட்டி இருந்த அறைக்கு மேலிருந்து நகர்ந்தது. ஓடியது. நடைக்கு மேலே. சமையலறைக்கு மேலே. கூரையின் விளிம்பு வரை. அங்கிருந்து மழைத்தண்ணீர்க் குழாய் வழியாகக் கீழே இறங்கியது.

நின்றது.

பெட்டி இருந்த அறையில் எலும்பு நெரிந்தது. உத்தரத்தின் அடியில் ஏதோ குனிந்து நுழைந்தது. பாய் அழுந்தியது. துணி முடிச்சு ஒன்று, அவசரமில்லாமல், அவிழத் தொடங்கியது. எலும்புப் பெட்டியைச் சுற்றியிருந்த வெள்ளைத் துணியின் முடிச்சு. அவரே போட்டது.

போனில் நத்சுயோ அத்தான், அத்தான் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அதுவும் கேட்கவில்லை.

வாசற்கதவின் மங்கல் கண்ணாடியில் ஒரு நிழல். வெளிவிளக்கு அதன் பின்னால் எரிந்தது. சின்ன உருவம். அவர் தோள் உயரம். நனைந்திருந்தது. ஓர் உள்ளங்கை கண்ணாடியில் பதிந்தது. நகத்தால் தட்டியது. அதே சத்தம்.

அவர் கை தாழ்ப்பாளுக்குப் போனது.

"வாசல்ல யாருங்க?"

குரல் அறையிலிருந்து வந்தது. வீட்டுக்காரி கேட்கிற சாவகாசத்தோடு. ஆனால் உத்தரத்தின் உயரத்திலிருந்து.

அவர் அசையவில்லை. ஈர வைக்கோல் வாசனை நடையில் நெருங்கியது. அவர் தலைக்கு மேலே வந்து நின்றது. நீர்த்துளி ஒன்று கழுத்தில் விழுந்தது.

"யாரும் இல்லதான?"

கண்ணாடிக்கு அப்பால் தட்டல் நின்று, காத்திருந்தது. அப்படியில்லை, ஆள் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அது சயோ, கதவைத் திற என்று தன் கைக்குச் சொல்ல வேண்டும். குனியோ வாயைத் திறந்தார். பதில் சொல்ல உள்ளே ஆள் இல்லை.

தலை ஆடியது. ஆம், யாரும் இல்லை என்று.

கண்ணாடியில் பதிந்திருந்த சின்ன உள்ளங்கை மெல்லக் கீழே வழுக்கி இறங்கியது. வெளிவிளக்கு அணைந்தது. அவருடைய ஷூவுக்குப் பக்கத்தில் விட்டிருந்த இடத்தில், வாசல் கல்லில், நீளமான இரண்டு ஈரத்தடங்கள் வீட்டுக்குள் பார்த்தபடி இருந்தன.