காற்று தீராத சேறு

மதியம் தங்கை அக்காவின் ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள். மூடிய கண்ணாடிப் பெட்டியில் சாம்பல் நிறச் சேறு கிடந்தது. கடலடியில் அவள் கணவன் முங்கி அள்ளியது. கயிற்றில் கட்டிய பெட்டி மேலே வந்தது. அவன் வரவில்லை.

"அவர் கடைசியா தொட்டது இதானாக்கா?"

"ஆமாடி. உக்காரு. கை வைக்காதே."

சேற்றுக்குள் ஒலியை அனுப்பி, அது எப்படிச் சிதறுகிறது என்று அளப்பது அக்காவின் வேலை. உள்ளே காற்றுக் குமிழி இருந்தால் அளவு கெட்டுவிடும். அதனால் முதலில் பம்ப்பு வைத்துக் காற்றை உறிஞ்சி விடுவார்கள். அதைப் பார்த்துக்கொள்பவருக்குப் பெயரே பம்ப்பு அண்ணன் என்றாகிவிட்டது.

"என்னண்ணே, இன்னும் முடியலையா?" என்றாள் அக்கா.

"முந்தாநாள்லேர்ந்து இழுக்குதும்மா. உங்க மண்ணு உள்ள பலூன் கடை வச்சிருக்கு போல."

சொன்னவர் தங்கையைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

திரையில் சிதறல் கூடியது. குறைந்தது. மறுபடி கூடியது. குமிழிகள் இப்படி ஒழுங்காக வருவதில்லை. சேறு மெல்ல எழும்பி அமுங்கியது. எங்கிருந்தோ முங்கும் உடையின் நனைந்த ரப்பர் வாடை.

"அக்கா," தங்கை கிசுகிசுத்தாள். "தூங்கறப்ப அவர் மூச்சு இப்படித்தான் வரும். நடுவுல ஒருதரம் நின்னு வரும், பாரேன்."

நின்றது.

வந்தது.

"சேத்துல வாயு இருக்கறது வழக்கம்டி. மனசைப் போட்டு குழப்பிக்காதே."

"அவர் மூச்சைத்தான் உறிஞ்சிட்டிருக்கீங்க ரெண்டு பேரும்! நிறுத்துக்கா!"

எழும்பல் தளர்ந்துகொண்டே வந்தது. பம்ப்பு அண்ணன் அக்காவைப் பார்த்தார். இத்தனை நாள் உழைப்பு வீணாகும். ஆனால் அக்காவால் தங்கையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நிறுத்துங்கண்ணே."

பம்ப்பு ஓய்ந்தது. சேறும் ஓய்ந்தது.

"என்னங்க..." தங்கை பெட்டியருகே குனிந்து கூப்பிட்டாள்.

கண்ணாடியின் உட்பக்கம் ஆவி படர்ந்தது.

அக்கா பதறிப்போய்ப் பெட்டியின் காற்றுத் திருகைத் திறந்தாள். வெளிக்காற்று சீறிக்கொண்டு உள்ளே பாய்ந்தது.

"உள்ள நிரம்பினதும் நின்னுடும்மா."

நிற்கவில்லை.

மேசைத் தாள்கள் பெட்டியை நோக்கி இழுபட்டன. அறைக்கதவு அறைந்து சாத்திக்கொண்டது. அக்காவுக்கு மூச்சு முட்டியது.

"மூடுங்கண்ணே!"

"திருகு அசைய மாட்டேங்குதும்மா..." அவருக்கும் மூச்சு வாங்கியது.

தங்கையின் கூந்தல் பெட்டிப் பக்கமே பறந்துகொண்டிருந்தது. கண்ணாடியில் காதை வைத்தபடி, நீல உதடுகளால் அவள் சிரித்தாள்.

"கொஞ்சம் பொறுக்கா. அவருக்கு இன்னும் பத்தலையாம்."