பதினாறு பாலங்கள், இரண்டு போர்வைகள்

ஆயிரம் பாலங்கள் வரிசையாக நிற்கட்டும். லட்சம் பாலங்கள்கூட நிற்கட்டும். இந்தப் பாலத்திலிருந்து அந்தப் பாலம் வரை எது மிகவும் தாழ்வு என்று கடுகிடம் கேட்டால் போதும். இரண்டே இரண்டு எண்களைத்தான் பார்ப்பாள். நீங்கள் ஒரு தும்மலைத் தொடங்கி முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவாள்.

நம்ப முடியவில்லையா? பரவாயில்லை. அவளுடைய சொந்தப் பெரியப்பாவே நம்பவில்லை.

கடுகுக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடப் பதிவேட்டில் அவளுக்கு ஒரு நீளமான, அழகான பெயர் இருக்கிறது. ஆனால் பிறந்தபோது அவள் எவ்வளவு சிறியவள் தெரியுமா? தொட்டிலில் போட்டுவிட்டு, எங்கே போட்டோம் என்று வீடே அரைமணி நேரம் தேடியது. அன்றிலிருந்து கடுகுதான்.

அவள் அப்பா லாரி செட்டில் போன் மேசையில் உட்கார்ந்திருந்தார். செட்டின் வாசலில் ஓடும் சாலைக்குக் குறுக்கே பதினாறு பாலங்கள் உண்டு. சிலவற்றின் மேல் ரயில் போகும். சிலவற்றின் மேல் ஆட்கள் நடப்பார்கள். சிலவற்றில் வெறும் தண்ணீர்க் குழாய் மட்டும் போகும். ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரம். லாரிகள் எல்லாம் அவற்றுக்கு அடியில் நுழைந்துதான் போக வேண்டும்.

அதனால் சரக்கு ஏற்றுமுன் டிரைவர்கள் போன் செய்வார்கள்.

"பாலக்காரரே, மூணாம் பாலத்துலேருந்து பதிமூணாம் பாலம் வரைக்கும் போறேன். எவ்வளவு உயரம் ஏத்தலாம்?"

அப்பா ஒரு தாளில் பதினாறு உயரங்களையும் எழுதி வைத்திருந்தார். மூன்றாவது எண்ணில் விரலை வைத்து, ஒவ்வொன்றாக நகர்த்தி, மிகச் சிறிய எண்ணைக் கண்டுபிடித்துச் சொல்வார். அந்தத் தாழ்வான பாலத்தில் நுழைந்துவிட்டால் மற்றதில் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு நுழையலாம். (டிரைவர்கள் யாரும் கண்ணை மூடவில்லை. நம்புங்கள்.)

ஒரு நாளைக்கு எண்பது போன் வரும். கேட்டுக் கேட்டுப் போனுக்கே தொண்டை கட்டிவிடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரே நேரத்தில் இரண்டு போன்கள் அடித்தன. ஒன்று இடது காதில், ஒன்று வலது காதில். அப்பாவின் விரல் எட்டிலிருந்து பத்துக்குத் தாவிவிட்டது. ஒன்பதாம் பாலம் பதினான்கு அடிதான். அவர் பதினைந்து என்று சொல்லிவிட்டார்.

யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் லாரியின் உச்சியில் இருந்த மர அலமாரி பாலத்தில் மோதி, பிளந்து, அதன் கதவு மட்டும் தனியாகச் சாலையில் சறுக்கிக்கொண்டு போனது.

செட்டின் சூப்பர்வைசர் வேறு யாருமில்லை, பெரியப்பாதான். அப்பாவின் கூடப் பிறந்த அண்ணன். அவருடைய மீசை அறைக்குள் நுழைந்து ஐந்து நிமிடம் கழித்துத்தான் அவர் நுழைவார். அந்த மீசை அன்று துடித்தது.

"இனிமே நீ போனைத் தொடாதே. வண்டி கழுவு. சனிக்கிழமை முதலாளியம்மா வருவாங்க. இந்த மேசை யாருக்குன்னு அவங்களே சொல்லட்டும். அதுவரைக்கும் நான் பாத்துக்கறேன்."

"அண்ணே, பன்னெண்டு வருஷத்துல இது ஒண்ணுதானே..."

"ஒண்ணு போதாதா?"

பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். செட்டிலேயே அந்த ஒரு நாற்காலிக்கு மேல்தான் மின்விசிறி ஓடும். அதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்பா ரப்பர்க் குழாயைப் பிடித்தார். நேற்றுவரை "பாலக்காரரே" என்று கூப்பிட்டவர்கள், மறுநாளே "ஏ தண்ணி! பின் சக்கரத்துல சேறு இருக்கு பாரு" என்றார்கள். நாக்குக்கு எலும்பு இல்லை, எப்படி வேண்டுமானாலும் வளையும்.

புதன்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்த அப்பாவின் விரல்கள் ஊறிச் சுருங்கி வெளுத்திருந்தன. சாப்பாட்டில் அம்மா உப்புப் போட மறந்திருந்தாள். அப்பா அதைக்கூடக் கவனிக்காமல் சாப்பிட்டார்.

"தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும்னு சொல்வாங்க. இங்க மீசைதான் ஆடுது" என்றாள் அம்மா.

"விடும்மா. தப்பு என் மேலதானே" என்றார் அப்பா. இருமினார். விளக்கு வைப்பதற்கு முன்பே படுத்துவிட்டார்.

அப்பா நெடுநெடு என்று வளர்ந்தவர். நின்றால் மேகம் தலையில் இடிக்கும். வீட்டில் இருந்த போர்வைகளோ குட்டை. அம்மா ஒரு போர்வையைத் தோளிலிருந்து போர்த்தினாள். முழங்காலோடு நின்றுவிட்டது. இன்னொன்றை எடுத்துக் கால் விரலிலிருந்து மேல்நோக்கிப் போர்த்தினாள். அது வயிறு வரை வந்தது.

"அம்மா, நடுவுல ரெண்டு போர்வை படியுதே!" என்றாள் கடுகு.

"படிஞ்சா என்னடி? வயிறு குளிரவா போகுது? ஆள் முழுக்க மூடியாச்சா, இல்லையா?"

கடுகு அப்பாவைப் பார்த்தாள். போர்வைகளைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் சட்டைப்பையிலிருந்த பாலத் தாளை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

முந்தின நாளே அவள் ஒரு முயற்சி செய்திருந்தாள். எந்தப் பாலத்திலிருந்து எந்தப் பாலம் வரை கேட்டாலும் பதில் தயாராக இருக்கும்படி எல்லாவற்றையும் எழுதிவிடலாம் என்று நினைத்தாள். எண்ணிப் பார்த்தால் நூற்றிருபது பதில்கள்! முப்பது எழுதுவதற்குள் பென்சில் கட்டைவிரல் அளவுக்குத் தேய்ந்து, தன்னை விட்டுவிடும்படி கெஞ்சியது.

இப்போது வேறு வழி தெரிந்தது. எல்லா நீளத்துக்கும் போர்வை எதற்கு? நாலைந்து அளவு போதுமே!

பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில், மேல் வரிசையில் பதினாறு பாலங்களின் உயரங்களை எழுதினாள். அதற்குக் கீழே இரண்டிரண்டு பாலங்களை மூடும் போர்வைகள்: முதல் பாலமும் இரண்டாம் பாலமும் சேர்ந்தால் எது தாழ்வு, இரண்டும் மூன்றும் சேர்ந்தால் எது தாழ்வு, இப்படிப் பதினைந்து. அதற்குக் கீழே நான்கு நான்கு பாலங்களை மூடும் போர்வைகள். அதற்கு நான்கு எண்களைப் பார்க்க வேண்டியதே இல்லை. ஒன்றும் இரண்டும் சேர்ந்த போர்வையையும் மூன்றும் நான்கும் சேர்ந்த போர்வையையும் ஒப்பிட்டு, சிறியதை எழுதினால் போதும். இரண்டு நான்கைச் சேர்த்தால் ஓர் எட்டு. மேல் வரிசை போக, மொத்தம் முப்பத்தேழே கட்டங்கள். வேலை முடிந்தபோது இட்லி வேகும் நேரம்கூட ஆகியிருக்காது. சரி, கொஞ்சம் கூட ஆகியிருக்கும்.

வியாழக்கிழமை பள்ளி விட்டதும் அட்டையைத் தூக்கிக்கொண்டு செட்டுக்குப் போனாள்.

"பெரியப்பா, எந்தப் பாலத்துலேருந்து எந்தப் பாலம் வரைக்கும் வேணும்னாலும் கேளுங்க. ரெண்டே எண்ணைப் பாத்துச் சொல்றேன்."

"ஓகோ! பொடிசு வித்தை காட்ட வந்திருக்கா?" பெரியப்பா மீசையை முறுக்கினார். "பத்துலேருந்து பதினஞ்சு. சொல்லு பாப்போம்."

அப்போது செட்டின் தூசி அவர் மூக்கில் ஏறியது. "ஹா... ஹா..."

பத்து முதல் பதினைந்து வரை ஆறு பாலங்கள். ஆறுக்குள் அடங்கும் மிகப் பெரிய போர்வை, நான்கு பாலங்களை மூடும் போர்வை. ஒன்றைப் பத்தில் தொடங்கிப் போட்டாள்: பதினைந்து அடி. இன்னொன்றைப் பதினைந்தில் முடியும்படி போட்டாள்: பதிமூன்று அடி.

"...ச்சூ!"

"பதிமூணு அடி" என்றாள் கடுகு.

பெரியப்பா விரலை வைத்து ஒவ்வொரு பாலமாகப் பார்த்தார். பதிமூன்று. மறுபடி பார்த்தார். அதே பதிமூன்று.

"இரு, இரு. பன்னெண்டாம் பாலத்தையும் பதிமூணாம் பாலத்தையும் ரெண்டு தடவை பாத்திருக்கியே. தப்பாச்சே!"

"ரெண்டு தடவை பாத்தா பாலம் இன்னும் குட்டையாயிடுமா பெரியப்பா?"

பெரியப்பாவின் மீசை ஒரு பக்கம் மட்டும் தொங்கியது. உடனே நிமிர்ந்தது.

"மனப்பாடம் பண்ணிட்டு வந்து ஒப்பிக்கறே. ரெண்டு எண்ணைப் பாத்து ஆறு பாலத்துக்குப் பதில் சொல்றதாவது! நான் நம்ப மாட்டேன். யாரும் நம்ப மாட்டாங்க. அதை இங்கே வெச்சுட்டுப் போ."

"அப்பாகிட்ட கொடுக்கத்தான் பெரியப்பா..."

"வெச்சுட்டுப் போன்னேன்ல?"

அவள் வைத்துவிட்டுப் போனாள். அன்று வீடு திரும்பும்போது அவள் காலுக்கு முன்னால் ஒரு கல் கிடந்தது. அதை வீடு வரை உதைத்துக்கொண்டே போனாள்.

சனிக்கிழமை முதலாளியம்மா வந்தார். சொற்களைச் சிக்கனமாகச் செலவழிப்பவர். அவர் "ம்" என்றால் அது ஒரு பக்கக் கட்டுரைக்குச் சமம்.

போன் மேசைக்கு மேலே, மின்விசிறிக்குக் கீழே, கடுகின் அட்டை ஆணியடித்துத் தொங்கியது. பக்கத்தில் புதிதாக இன்னோர் அட்டையும் தொங்கியது. சன்னலுக்கு வெளியே அப்பா ஒரு லாரியைக் கழுவிக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் வாளியுடன் கடுகு நின்றாள்.

"இது என்ன?" என்றார் முதலாளியம்மா.

"நானே யோசிச்சுப் போட்டதும்மா" என்றார் பெரியப்பா. "மூணுலேருந்து பதிமூணா? இதோ, ரெண்டு எட்டு. பதினாலு அடி. இனிமே ஒரு பாலம்கூட விட்டுப்போகாது."

அப்பாவின் கையில் குழாய் அப்படியே நின்றது. தண்ணீர் அவர் காலணிக்குள் கொட்டியது. அவர் நகரவில்லை. கடுகு வாயைத் திறந்தாள். அப்பாவின் ஈரக்கை அவள் தோளை அழுத்தியது.

"வேண்டாம். அண்ணன்."

இரண்டே சொற்கள்தான். கடுகுக்கு வாயெல்லாம் கசந்தது.

"நல்லா இருக்கு" என்றார் முதலாளியம்மா. அவர் வாழ்நாளில் மூன்றாவது முறையாக இதைச் சொல்கிறார். "இந்த ரெண்டாவது அட்டை?"

"அது நேரம்மா! பாலத்துக்குப் பாலம் எத்தனை நிமிஷம்னு. அதே முறைதான். நேத்து ஒரே மூச்சுல போட்டேன்."

"மூணாம் பாலத்துலேருந்து பதிமூணாம் பாலம் வர எவ்வளவு நேரம்?"

பெரியப்பா இரண்டு விரல்களை வைத்தார். "மூணுலேருந்து பதினொண்ணு, நாப்பத்திரண்டு. அஞ்சுலேருந்து பதிமூணு, நாப்பத்திமூணு. கூட்டினா எண்பத்தஞ்சு நிமிஷம்!"

முதலாளியம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "என் வீடு மூணாம் பாலத்துக்குப் பக்கத்துல. இந்த செட் பதிமூணாம் பாலத்துக்குப் பக்கத்துல. இப்பதான் வந்தேன். அம்பத்திமூணு நிமிஷம்."

"அது... இன்னிக்கு ரோடு காலியா இருந்திருக்கும்."

"அடைச்சுக்கிட்டு இருந்தது."

பெரியப்பா இரண்டு அட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார். நெற்றியில் வியர்த்தது. மின்விசிறி என்னவோ ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இந்த நேரத்தில் கடுகு "திருடிட்டாரு!" என்று கத்தியிருக்கலாம். கத்த ஆசையாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்? ஆனால் தோளில் அப்பாவின் கை இன்னும் இருந்தது. சன்னல் கம்பியைப் பிடித்து எம்பினாள்.

"பெரியப்பா, அஞ்சுலேருந்து பதினொண்ணு வரைக்கும் ரெண்டு தடவை போயிட்டீங்க. பாலத்தை ரெண்டு தடவை பாத்தா உயரம் மாறாது. ஒரே ரோட்டுல ரெண்டு தடவை போனா நேரம் கூடிடும். கூட்டறதுன்னா ஒண்ணு மேல ஒண்ணு படியவே கூடாது. மூணுலேருந்து பதினொண்ணு, நாப்பத்திரண்டு. பதினொண்ணுலேருந்து பதிமூணு, பதினொண்ணு. அவ்வளவுதான். அம்பத்திமூணு."

செட்டில் ஓர் ஈ பறந்தது. அது நின்று கேட்டுவிட்டுப் பறந்தது.

முதலாளியம்மா சன்னலைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். அப்பாவின் நனைந்த காலணியைப் பார்த்தார். பிறகு பெரியப்பாவிடம் திரும்பினார்.

"முதல் அட்டையைப் போட்டது யாரு? அது யாரோ, அவங்க வீட்டு ஆள்தான் இனிமே இந்த நாற்காலியில உக்காரணும். நீங்களே சொல்லுங்க."

அப்பா தலை குனிந்து இருமினார். அவர் சொல்லப் போவதில்லை. அது பெரியப்பாவுக்கும் தெரியும். ஒரு சொல் போதும், நாற்காலியும் மின்விசிறியும் பெரியப்பாவுக்கே.

போன் அடித்தது. பெரியப்பா எடுத்தார்.

"ஹலோ, ஏழுலேருந்து பதினொண்ணு வரைக்கும் போறேன்! எவ்வளவு ஏத்தலாம்?" என்று டிரைவரின் குரல் சன்னல் வரை கேட்டது.

பெரியப்பாவின் விரல் உயர அட்டைக்குப் போனது. நேர அட்டைக்குப் போனது. நடுவில் நின்றுவிட்டது. சாலையில் தனியாகச் சறுக்கிக்கொண்டு போன அந்த அலமாரிக் கதவு அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். போனைச் சன்னல் வழியாக நீட்டினார்.

"கையைத் துடைச்சுக்கிட்டு வாங்கிக்கோடா" என்றார் தம்பியிடம்.

அப்பா சட்டையில் கையைத் துடைத்தார். கடுகின் முகத்தைப் பார்த்தார், பிறகு அட்டையைப் பார்த்தார். ஏழில் தொடங்கும் ஒரு நான்கு, பதினொன்றில் முடியும் ஒரு நான்கு.

"பதினாலு அடி. ஜாக்கிரதையா போங்க."

"பாலக்காரரே! நீங்களா?" என்றது போன்.

பெரியப்பா எழுந்தார். மன்னிப்பு என்ற சொல் வெளியே வரவில்லை. அவ்வளவு பெரிய மீசையைத் தாண்டி அது எப்படி வரும்? அவர் வாசல் வரை நடந்தார். வெயிலில் ஒரு காலை வைத்தார். திரும்பாமலே, கஷாயம் குடித்த குரலில் சொன்னார்:

"கடுகுதாம்மா போட்டா. வியாழக்கிழமை என் கண்ணு முன்னாடி. நான் தும்மி முடிக்கல, அதுக்குள்ள சொல்லிட்டா. ரெண்டே எண்ணுதான் பாத்தா."