மழை பெய்யாத வீட்டில் மண்வாசனை

கதவைத் திறந்ததும் அக்காவுக்கு மண்வாசனை அடித்தது.

புதுமழை விழுந்ததும் தரையிலிருந்து கிளம்புமே, தெருவில் போகிறவர்கள்கூட நின்று மூக்கை விரித்து இழுத்துக்கொள்வார்களே, அதே வாசனை. ஆனால் அது நான்காவது மாடி. மழை பெய்து இரண்டு மாதம் ஆகிறது. ஜன்னல் எல்லாம் சாத்தி இடுக்குகளில் டேப் ஒட்டிய அந்த வீட்டுக்குள் ஒரு சிட்டிகை மண் கிடையாது. செருப்பு வாசலுக்கு வெளியேதான். தொட்டிச்செடி கிடையாது. தோல் சீவாத பழம் கிடையாது. வீட்டுக்குள்ளும் அக்கா முகத்தில் மாஸ்க் இருக்கும். தம்பிக்குக் கிட்னி மாற்றிய நாளிலிருந்து பதினான்கு மாதமாக அவள் போட்ட சட்டம் அது. ஒருநாளும் அவள் அதை மீறியதில்லை.

மாற்றிய கிட்னியும் அவளுடையதுதான். கொடுத்தது ஒரு நாள் வேலை, அதைக் காப்பாற்றுவதுதான் ஆயுசுக்கும் வேலை என்று அவளுக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. வேற்று உறுப்பை உடம்பு விரட்டிவிடாமல் இருக்க, உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே அடக்கிவைக்கும் மாத்திரைகள். வேளை தவறாமல் அவற்றை எடுத்துக் கொடுப்பது அவள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அப்படித்தான் பார்த்தாள். அப்படிப் பார்த்துப் பார்த்துக் கண்ணே பூத்துப் போயிருந்தது.

"மழை பெஞ்சுதாக்கா?" உள் அறையிலிருந்து தம்பி கேட்டான்.

"எங்கடா மழை? வெயில் மண்டையப் பொளக்குது."

"வாசனை அடிக்குதே."

அவனுக்கும் அடிக்கிறது என்றதும் அவளுக்கு ஒரு நிமிடம் நிம்மதியாகக்கூட இருந்தது. எட்டு மணி நேரம் லேபில் நின்றுவிட்டு வந்த அலுப்பில் மூக்கு கோளாறு செய்யவில்லை. அப்படியென்றால் எங்கோ நீர் கசிகிறது, சுவர் ஊறியிருக்கிறது. பட்ட காலிலேயே படும் என்று முணுமுணுத்தபடி பாத்திரத்தொட்டிக்கு அடியில் குனிந்தாள். அங்கே எலும்பாகக் காய்ந்து கிடந்தது. ஃப்ரிட்ஜின் பின்னால் தூசிதான் இருந்தது. குளியலறை மூலையில் சோப்பு வாசனை. வீடு முழுக்கச் சுவரைத் தடவிக்கொண்டே நடந்தாள். எங்கும் ஈரமில்லை.

வாசனை தம்பியின் அறையில்தான் இருந்தது.

வெளிச்சம் பட்டால் தலை வலிக்கிறது என்று நான்கு நாளாகத் திரையை இழுத்துவிட்டிருந்தான். அரையிருட்டில் ஏர் கூலர் உறுமிக்கொண்டிருந்தது. காய்ச்சல் நூறைத் தாண்டவில்லை, ஆனால் இறங்கவும் இல்லை. சளி நெஞ்சிலேயே குடித்தனம் வைத்திருந்தது.

"என்னக்கா மோப்பம் பிடிக்கிற? உன் கிட்னி எங்கன்னு தேடறியா?"

"குடுத்ததத் திருப்பிக் கேக்க மாட்டேன்டா. பத்திரமா வச்சுக்க."

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலாயிற்று. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போனான். போனதும் அறையில் வாசனை மெல்லக் குறைந்தது. அக்கா அசையாமல் நின்றாள். அவன் திரும்பி வரும் காலடி கேட்டது. காலடிக்கு முன்னால் வாசனை வந்தது.

அவன் படுத்துக் கண்ணயரும்வரை காத்திருந்தாள். பதினான்கு மாதத்தில் முதல்முறையாக அவன் எதிரில் மாஸ்க்கை இறக்கி, அவன் வாய்க்கு நேரே குனிந்தாள். மூச்சு வந்தது. மழை நனைத்த மண். மூச்சு போனது. ஒன்றுமில்லை. மூச்சு வந்தது. மண்.

அவள் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த வாசனையை அவளுக்குத் தெரியும்.

அவள் வேலை பார்ப்பது கிருமி வளர்க்கும் லேபில். நோயாளியின் சளியோ சீழோ வந்தால், ரத்தம் கலந்த ஜெல்லி நிரப்பிய பிளேட்டில் கோடு இழுத்து, உடம்புச் சூட்டில் பெட்டிக்குள் வைப்பார்கள். சாதாரணக் கிருமி என்றால் மூன்று நாளில் முளைத்துவிடும். முளைக்காவிட்டால் 'வளர்ச்சி இல்லை' என்று எழுதி, பிளேட்டைச் சிவப்புப் பையில் போட்டு ஆட்டோகிளேவின் நீராவியில் அவித்துவிட வேண்டியது. ஆனால் எதிர்ப்புச் சக்தி அடங்கிப்போன நோயாளி என்றால் கவுன்டரில் சீட்டின் மேல் சிவப்பு மையில் கோடு போடுவார்கள். அந்த பிளேட்டுகள் மூன்று வாரம் கீழ்த்தட்டில் காத்திருக்கும். மெதுவாக முளைக்கிறவை சில உண்டு. மண்ணில் வாழ்கிறவை. நல்ல உடம்பு அவற்றை ஒரு தும்மலில் தட்டிவிட்டுப் போகும். காவல் இல்லாத உடம்பில் அவை நிதானமாகக் குடியேறும். அப்படிப்பட்ட பிளேட்டை ஒருமுறை அவள் தெரியாமல் முகர்ந்து, இதே மண்வாசனையை இழுத்துவிட்டு, பெரிய மேடத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

தம்பியின் சளியை அவள்தான் ஒன்பது நாளைக்கு முன்னால் எடுத்துப் போனாள். கவுன்டர் வரிசையில் எதற்கு நிற்பது என்று சீட்டைத் தானே எழுதினாள். பேர், வயசு, சளி. மேலே 'ஊழியர் குடும்பம்'. ஊழியர் வீட்டு சாம்பிள் என்றால் முதலில் முடித்துக் கொடுப்பது அந்த லேபில் எழுதாத மரியாதை. மூன்றாம் நாள் காலை பிளேட் வெறுமையாக இருந்தது. நல்லவேளை என்று அவளே கையெழுத்துப் போட்டாள். அவளே பையில் போட்டாள்.

சிவப்புக் கோடு போடவில்லை.

கவுன்டரில் இருப்பவள் போட்டிருப்பாள். மற்ற யாருடைய தம்பியாக இருந்தாலும் அக்காவே போட்டிருப்பாள். அவள் ரிப்போர்ட்டை நம்பித்தான், கிருமி இல்லை, உடம்பு கிட்னியைத் தள்ளப் பார்க்கிறது என்று டாக்டர் எதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டை இரட்டிப்பாக்கினார். இருந்த கொஞ்சநஞ்சக் காவலையும் அக்காவின் கையெழுத்து விரட்டிவிட்டது. பாவி, பாவி என்று தலையில் அடித்துக்கொண்டாள். சத்தம் வராமல் அடித்துக்கொண்டாள், அவன் தூங்குகிறானே.

டாக்டர் போனை எடுத்தார். "வாசனையை வச்சு மருந்த மாத்தச் சொல்றீங்களாம்மா? ரிப்போர்ட் நீங்கதானே குடுத்தீங்க?"

"நான்தான் சார். தப்புப் பண்ணிட்டேன் சார்."

"அந்த பிளேட் இன்னும் இருக்கா? இருந்தா பாத்துட்டு உடனே சொல்லுங்க."

லேபில் சனிக்கிழமை மாலையின் வெறுமை. ஆட்டோகிளேவ் பார்க்கும் பாய்லர் அண்ணன் மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா, இப்பதானே போன?"

"போன வாரத்துப் பை அவிச்சாச்சாண்ணே?"

"எங்க அவிக்கிறது? மெஷின் படுத்து எட்டு நாளாச்சு. ஆளு வரான் வரான்னுதான் சொல்றாங்க. எல்லாம் பின்ரூம்ல கிடக்கு." அவர் மூக்கைச் சுளித்தார். "உள்ள என்னமோ ஈர மண்ணு மாதிரி அடிக்குது, பாத்துப் போ."

பின்னறையில் சிவப்புப் பைகள் அடுக்கியிருந்தன. கையுறை போட்டு மூன்றாவது பையைப் பிரித்தாள். அவளுடைய கையெழுத்தில் தம்பி பேர் எழுதிய பிளேட் அடியில் கிடந்தது. அதை வெளிச்சத்தில் தூக்கினாள்.

சாக்பீஸ் தூள் தூவியதுபோல வெள்ளை. அவள் இழுத்த கோடுகளில் மட்டுமில்லை, மூடியின் உள்பக்கத்திலும். வறண்டு, சுருங்கி, விளிம்புவரை படர்ந்திருந்தது. துளி எடுத்துக் கண்ணாடியில் தேய்த்து, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். கிளைவிட்டுக் கிளைவிட்டு ஓடும் மெல்லிய இழைகள். வேர்கள்.

"நோகார்டியா சார், மண்ணுக் கிருமி," என்று டாக்டரிடம் போனில் சொன்னாள். அழுகை வரவில்லை. அழவும் தெம்பு வேண்டுமே.

"ஆம்புலன்ஸ் அனுப்பறேன். நீங்க வீட்டுக்குப் போங்க. நெஞ்சுலேர்ந்து மூளைக்கு ஏறும் அது. பேச்சு கீச்சு குழறுதான்னு பாருங்க."

வாடகை வண்டியில் ஏறியதும் தம்பியைக் கூப்பிட்டாள். ஆறாவது மணியில் எடுத்தான்.

"டேய், எழுந்து சட்டையப் போடு. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"ஏன்க்கா போன்ல பேசற?" அவன் குரல் தூக்கக் கலக்கத்தில் கிசுகிசுத்தது. "பக்கத்துலதானே உக்காந்திருக்க."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"இவ்வளவு நேரமா தலையத் தடவிக்கிட்டு இருந்தியே. கை சில்லுனு நல்லா இருந்துச்சு. ஏன் நிறுத்திட்ட?"

"நான் வண்டியில வந்துக்கிட்டு இருக்கேன்டா."

போனில் மூச்சு கேட்டது. இழுத்து இழுத்து வாங்கும் அவனுடைய மூச்சு, அவளுக்குத் தெரிந்த மூச்சு. அதற்குப் பின்னால் இன்னொன்று. மெதுவானது. அவசரமே இல்லாதது.

இணைப்பு அறுந்தது.

மூளைதான். மூளைக்கு ஏறிவிட்டது, அவ்வளவுதான். அப்படி நினைப்பதே அவளுக்கு ஆறுதலாக இருந்தது. மூளைக்கு மருந்து இருக்கிறது. ஆறு மாதம், ஒரு வருஷம் கொடுத்தால் தெளிந்துவிடும். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? அவள் பார்த்துக்கொள்வாள். வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொள்வாள். அவன் இருந்தால் போதும்.

லிஃப்ட் வரவில்லை. நாலு மாடியும் ஓடினாள். அறுவை செய்த விலா இழுத்துப் பிடித்தது. இரண்டாவது மாடியிலேயே வாசனை வந்துவிட்டது. மூன்றாவதில் தொண்டைவரை நிறைந்தது. சாவி கையில் வழுக்கியது.

மாஸ்க்கை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக் கதவைத் திறந்தாள்.

கூலர் நின்றிருந்தது. வீட்டில் சத்தமே இல்லை. உள் அறை வாசலில் போய் நின்றாள். திரைக்குப் பின்னால் சாயங்கால வெளிச்சம் பழுப்பாகத் தேங்கியிருந்தது.

தம்பி கட்டிலில் உட்கார்ந்திருந்தான். உடம்பு ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. தோளில் தலை வைத்துக்கொள்வார்களே, அப்படி. சாய்ந்த பக்கம் யாரும் இல்லை. தலை காற்றில் நின்றது. அவனுக்குப் பக்கத்தில் மெத்தை குழிந்திருந்தது.

"டேய்."

அவன் கண் திறந்து அவளைப் பார்த்தான். நெற்றி சுருங்கியது. அந்தக் கண்ணில் அவள் இல்லை.

அவன் வெறும் பக்கமாகத் திரும்பினான்.

"அக்கா, வாசல்ல யாரோ நிக்கிறாங்க. யாருக்கா அது?"

"நான்தான்டா. தம்பி, இங்க பாருடா. நான்தான் உன் அக்கா."

அவள் குரல் அவன் காதில் விழவில்லை. வேறெதையோ கேட்டான். காதைச் சாய்த்துக் கேட்டுத் தலையாட்டினான்.

"போகச் சொல்லுக்கா," என்றான். "எனக்குப் பயமா இருக்கு."

கீழே ஆம்புலன்ஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கதவுகள் திறந்தன. நாலு மாடி. லிஃப்ட் வராது.

மெத்தையின் குழி மேலெழுந்தது. முதலில் ஒரு ஓரம், பிறகு மறு ஓரம். கையூன்றி எழுகிறவர்களுக்கு எழும்புவதுபோல.

தம்பி அண்ணாந்து பார்த்தான், எழுந்து நிற்கும் ஒருவரின் முகம் இருக்கும் உயரத்துக்கு. பிறகு அவன் பார்வை நகர்ந்தது. கட்டிலின் கால்மாடு. மேசை. மருந்து டப்பாக்கள். கதவு.

அவளுக்கு ஒரு சாண் முன்னால் வந்து நின்றது.

அக்கா மூச்சை அடக்கிக்கொண்டாள். ஆனாலும் முகத்தில் மாஸ்க் உள்ளே போனது. வெளியே வந்தது. உள்ளே போனது.