மூன்றாவது தட்டு

இடுப்பு விட்டுப்போயிருந்தது. டிரெய்லரைக் கழற்றிவிட்டுத் தலைவண்டியை மட்டும் ஓட்டுகிறவனுக்குத்தான் அந்த வலி தெரியும். பின்னால் பாரம் இல்லாத வண்டி சாலையில் உட்காராது. ஒவ்வொரு விரிசலுக்கும் குதிக்கும். குதிக்கும்போதெல்லாம் முதுகுத்தண்டில் குத்தும். வெர்லின் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தான். அறுபதை நெருங்குகிற உடம்பு. பட்டப்பகலில் கான்சாஸ் சமவெளி வெந்துகொண்டிருந்தது.

டென்வர் ஆஸ்பத்திரியில் அவன் மகள் ட்வைலா கிடந்தாள். கார் உருண்டுவிட்டது. மருமகன் போனில் அழுதான்.

"மாமா, சீக்கிரம் வந்துருங்க. டாக்டருங்க பேசுற தோரணையே சரியில்ல."

அந்த நேரத்தில் வெர்லினின் டிரெய்லரில் நாற்பத்திரண்டு மாடுகள் நின்றன. மாடு ஏற்றுகிறவன் வெயிலில் வண்டியை நிறுத்த மாட்டான். சக்கரம் உருண்டால்தான் உள்ளே காற்று, காற்று இருந்தால்தான் உயிர். ஆனால் மாடு ஏற்றிய டிரெய்லரோடு ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்க முடியுமா? மூடிக்கிடந்த ஒரு தானியக் கிடங்கின் பின்னால் டிரெய்லரை இறக்கிவிட்டுக் கம்பெனிக்குப் போன் போட்டான்.

"நீ கிளம்புப்பா, வேற தலைவண்டி அனுப்புறேன்," என்றான் வண்டிகளை அனுப்பிவைக்கும் லாய்ட். "நிழல்லதான விட்டிருக்கே?"

"நிழல்தான்."

நிழல் இல்லை. டிரெய்லரின் பக்கத் துளைகளில் மூக்குகள் நீண்டிருந்தன. வெர்லின் கண்ணாடியைப் பார்க்காமலே வண்டியை எடுத்தான்.

கொலராடோ எல்லை நெருங்கும்போது ஒரு பெரிய லாரியை முந்தினான். முந்துகிறவனின் வால் தாண்டியதும் பின்னால் வருகிறவன் விளக்கை மினுக்குவான். இனி நம் தடத்துக்குள் வரலாம் என்று அதற்குப் பொருள். வெறும் தலைவண்டிக்கு அது கண்ணிமைக்கும் நேரம். ஆனால் விளக்கு மினுங்கவில்லை. ஒரு முழு டிரெய்லரின் நீளம் கடந்த பிறகுதான் மினுங்கியது.

லாரிக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ரேடியோவில் அந்த லாரிக்காரன் கரகரத்தான். "வாய்யா மாட்டுக்காரா, வால் தாண்டிருச்சு, உள்ள வா. எப்பா, என்னா நாத்தம்! இன்னிக்கு என் சோறு போச்சு."

"யாரைச் சொல்றே? என் பின்னாடி ஒண்ணுமே இல்லையே."

"ஒண்ணுமில்லையாம்ல! கத்துறது இங்க கேக்குதுய்யா. தண்ணி காட்டினியா இல்லையா?"

வெர்லின் கண்ணாடியைப் பார்த்தான். வெறும் சாலை. கானல்.

அப்புறம் அந்த வாடை வந்தது. சாணமும் மூத்திரமும் சூடேறிய தோலும்.

ஜன்னலை ஏற்றினான்.

வாடை போகவில்லை.

கொலராடோ எல்லையில் எடைமேடை. கான்சாஸில் வெறும் தலைவண்டி என்றால் பல நேரம் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவார்கள். இந்தப் பக்கம் அந்தச் சலுகை கிடையாது. பின்னால் டிரெய்லர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உள்ளே போய்த் தலை காட்டிவிட்டுத்தான் நகரவேண்டும். நிற்காமல் போனால் துரத்தி மடக்குவார்கள். அதற்கு ட்வைலாவுக்கு நேரமில்லை. உள்ளே திருப்பினான்.

தரையில் மூன்று இரும்புத் தட்டுகள். முன்சக்கரத்துக்கு ஒன்று, இழுக்கும் சக்கரங்களுக்கு ஒன்று, டிரெய்லருக்கு ஒன்று. கண்ணாடி அறைக்குள் மார்வா இருந்தாள். வருஷக்கணக்காக அவனை நிறுத்துப் பார்த்தவள். ஒலிபெருக்கியில் அவள் குரல் வந்தது.

"என்ன வெர்லின், வாலை எங்க அறுத்துப் போட்டுட்டு வர்றே?"

"மகளுக்கு அடிபட்டிருச்சு மார்வா. பச்சை போடு தாயி."

"அடக் கடவுளே! போடுறேன், போடுறேன். வெறும் வண்டியில நிறுக்க என்ன..."



விளக்கு சிவப்பாகவே இருந்தது.

"வெர்லின்." குரல் தணிந்திருந்தது. "மூணாவது தட்டுல என்ன நிக்குது?"

"ஒண்ணுமில்லையே. உனக்கே தெரியுதுல்ல."

"முப்பத்தி நாலாயிரம் பவுண்டு காட்டுது."

"மெஷின் கெட்டிருக்கும்."

"கெட்டா ஒரே எண்ணுல நிக்கும். இது ஆடுதுப்பா."

ஆடுகிற எண் எது என்று அவனுக்குத் தெரியாதா? இரும்போ கோதுமையோ ஏற்றினால் எண் கல்லாக நிற்கும். உயிருள்ள சுமை கால் மாற்றி மாற்றி நிற்கும். எண்ணும் கூடிக் குறைந்து துடித்துக்கொண்டே இருக்கும்.

இறங்கி ஓடினான். மூன்றாவது தட்டு வெயிலில் மொட்டையாகக் கிடந்தது. அதன் மேல் கையை நீட்டினான்.

காற்றில்லாத அந்த இடத்தில் விரல்களின் மேல் ஏதோ மூச்சுவிட்டது.

கையை உதறிவிட்டு லாய்டைக் கூப்பிட்டான். "வண்டி போய்ச் சேர்ந்துச்சா?"

"கிளம்பப்போகுதுப்பா. டிரைவர் சாப்பிடப் போனவன் இன்னும் வரல."

"டேய், செத்துரும்டா!"

"என்னை ஏன்டா ஏசுறே? விட்டுட்டு ஓடினது நானா?"

திரும்பினால் ஒன்றரை மணி நேரம். முன்னால் போனால் ட்வைலா. வெர்லின் அந்த வெறும் தட்டின் முன்னால் மண்டியிட்டான். "கொஞ்சம் பொறுத்துக்குங்க. வந்துருவான், தண்ணி வந்துரும்..." யாரிடம் கெஞ்சுகிறோம் என்று அவனுக்கே புரியவில்லை.

"மார்வா, எடை குறையுதா?"

"இல்ல. ஆட்டம்தான் குறையுது."

தட்டுக்கடியில் குளம்பு உரசுவதுபோல ஒரு சத்தம்.

"இப்பக் கொஞ்சம்தான் ஆடுது."

சத்தம் நின்றது.

"வெர்லின்... எண் நின்னுருச்சு."

"சைபரா?"

"இல்ல. முப்பத்தி நாலாயிரம். ஆடாம நிக்குது."

மார்வா பச்சையைப் போட்டாள். அவன் ஏறி உட்காரும்வரை ஒலிபெருக்கியில் அவள் ஜெபம் சொல்வது கேட்டது. பிறகு அதையும் அணைத்துவிட்டாள்.

அங்கிருந்து டென்வர் வரைக்கும் வண்டி ஒரு முறைகூடக் குதிக்கவில்லை. பாரம் ஏற்றிய வண்டிபோல சாலையில் அழுந்தி ஓடியது. இடுப்பு வலி விட்டிருந்தது. அதுதான் வெர்லினைக் கதறவைத்தது.

ட்வைலா பிழைத்துக்கொண்டாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார் டாக்டர். மறுநாள் கண்விழித்து, "அப்பா," என்றாள். அடுத்துத் தண்ணீர் கேட்டாள். நர்ஸ் முதலில் உதட்டை நனைத்தாள், அப்புறம் ஒரு வாய் கொடுத்தாள். டாக்டர் அனுமதித்த பிறகு ஒரு டம்ளர். சாயங்காலத்துக்குள் ஜாடி ஜாடியாகப் போயிற்று. ரத்தத்தைப் பார்த்தார்கள், சர்க்கரையைப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது.

"இன்னும்," என்றாள் ட்வைலா. உதடு வறண்டு வெடித்திருந்தது. "இன்னும்ப்பா. எரியுது."

லாய்ட் போன் செய்தான். "ஒண்ணுகூட மிஞ்சல. இன்சூரன்ஸ் இருக்கு, கம்பெனி பாத்துக்கும். உன் கணக்கு முடிஞ்சுது, மகளைக் கவனி."

வெர்லின் காலி ஜாடியை எடுத்துக்கொண்டு மறுபடியும் குழாயடிக்குப் போனான். முடியவில்லை கணக்கு. நாற்பத்திரண்டு மாடுகளுக்கு அவன் தண்ணீர் பாக்கி.