ஜன்னலை மூடாதவன்

லூசியா அம்மா அந்தக் கடிதத்தை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, உறையைக் கைக்குட்டையில் சுற்றி, கைப்பையின் அடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். அத்தனை பத்திரமாகக் கொண்டுவரும்படி அதில் நல்ல சேதி ஒன்றும் இல்லை.

மனுகா என்ற புறநகரில் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்குக்கு மேலே இருந்தது செல்வராஜின் அலுவலகம். காப்பீட்டுக் கம்பெனிகளுக்காக இருபது வருடம் வீட்டுச் சேதம் மதிப்பிட்டவர் அவர். இப்போது மேஜையின் மறுபக்கம் வந்து உட்கார்ந்து, கிளெய்ம் மறுக்கப்பட்டவர்களுக்காக வாதாடுகிறார். அவருடைய உதவியாளர் சிந்து, கோயம்புத்தூரில் சாஃப்ட்வேரில் தப்புக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தவள். கேள்வி முடிவதற்குள் பதிலோடு கையைத் தூக்கிவிடுவது அவள் சுபாவம். அவளுடைய ஏழு வயது மகள் ஸ்ருதிக்கு, அம்மாவோடு இந்த நாட்டில் வந்து இருக்க இன்னும் விசா வரவில்லை. அதனால் தினமும் காலையில் போனில் மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, மனதைப் பாதி அங்கேயே விட்டுவிட்டுத்தான் வேலைக்கு வருவாள்.

கடிதத்தை அவள்தான் படித்தாள். பிப்ரவரிப் புயலில் வெளிச்சுவர்ப் பலகைகள் பெயர்ந்துவிட்டதாக லூசியா அம்மா கோரிக்கை வைத்திருந்தார். பார்வையிட்ட ஐந்து பலகைகளும் காற்றில் பெயர்ந்தவை அல்ல, யாரோ கருவி வைத்து ஆணி பிடுங்கிக் கழற்றியவை என்றது கம்பெனி. கழற்றியவர் யார் என்று பத்து நாளுக்குள் அவருடைய கையெழுத்தோடு எழுதித் தர வேண்டும். தவறினால் பணம் கிடையாது என்பதோடு, பொய்க் கோரிக்கை என்று பெயரும் பதிவாகிவிடும்.

"அப்படிப் பதிவாச்சுன்னா வேற எந்தக் கம்பெனியும் இந்த வீட்டுக்குக் காப்பீடு தராதும்மா," என்றார் செல்வராஜ். "காப்பீடு இல்லைன்னா மார்ட்கேஜ் குடுத்த பேங்கும் சும்மா இருக்காது. சரி, யார் கழட்டினது?"

"சத்தியமா எனக்குத் தெரியாது தம்பி. புயலண்டு நான் புக்கெகோஹியில தங்கச்சி வீட்ட நிண்டனான். றோட்டெல்லாம் வெள்ளம். திங்கக்கிழமை மத்தியானம்தான் வந்தனான். வந்து பாத்தா, சுவருக்கு ஆரோ நீலத் தறப்பாள் அடிச்சுக் கிடக்கு. பலகையளை அடுக்கிக் கிடக்கு."

அவரோடு வந்திருந்த தங்கை கணவர் வசீகரன் தலையாட்டினார். "நான்தான் மச்சாளைக் கொண்டுவந்து விட்டனான். நாங்கள் ஒருத்தரும் தொடேல்லை. எங்கட சேர்ச் ஆக்களையும் கேட்டுப் பாத்தாச்சு."

"கதவு உடைஞ்சிருந்துதா?"

"இல்லை. ஆனா உள்ளுக்கும் ஆரோ வந்திருக்கினம்," என்றார் லூசியா அம்மா. "சுவரில மாட்டின இவற்ற படம் கட்டிலில கிடந்தது. இவற்ற சாரத்தாலயே சுத்தி."

இவர் என்றது, ஆறு வருடத்துக்கு முன் காலமான அவருடைய கணவர் யேசுராசாவை. சாரம் என்றது அவர் உடுத்திய லுங்கியை.

"சாவி வேற யார்கிட்ட இருக்கு?"

"வசீகரனிட்ட ஒண்டு. வேற ஒருத்தரிட்டையும் இல்லை."

அந்தப் பதில் கொஞ்சம் வேகமாக வந்ததைச் சிந்து கவனித்தாள். செல்வராஜ் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பாபடோயிட்டோய் என்ற பகுதியில் இருந்த லூசியா அம்மாவின் வீடு, பச்சை வண்ணம் பூசிய பழைய மரவீடு. கேட்டைப் பார்த்த சுவரில்தான் சேதம். மேலிருந்து கீழ்வரை நீலத் தார்ப்பாய். விளிம்பெல்லாம் மெல்லிய மரச்சட்டம் வைத்து, சுத்தியலால் ஆணி அடித்து இறுக்கியிருந்தார்கள். நடுவே இருந்த சமையலறை ஜன்னலை மட்டும் மூடாமல், அதைச் சுற்றி அளவாக வெட்டி மடித்திருந்தார்கள். கார் கொட்டகையில் ஐந்து பலகைகள், காற்றுப் போகும்படி இடையிடையே கட்டை கொடுத்து அடுக்கப்பட்டிருந்தன. வீட்டுக்குப் பின்னால் பயித்தங்காய்ப் பந்தல், காய்த்துத் தொங்கியது.

கம்பெனிக்கு விலைப்புள்ளி கொடுத்த ஒப்பந்தக்காரர் மனோஜையும் செல்வராஜ் வரச் சொல்லியிருந்தார். வந்தவர் வரும்போதே கோபமாக வந்தார்.

"என்மேல சந்தேகமா சார்? இவங்க போன் பண்ணி நான் செவ்வாய்க்கிழமைதான் இங்க வந்தேன். ஒன்பது வரிசைப் பலகை வேணும்னு அளந்து எழுதிக் குடுத்தேன். அவ்வளவுதான்."

சிந்து செல்வராஜை ஓரமாக இழுத்தாள். "சார், இவர்தான். புயலுக்கு அப்புறம் தெருத் தெருவாச் சுத்துற ஆளுங்க, சின்னச் சேதத்தைப் பெருசாக்கி வேலை பிடிப்பாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? நல்லா இருந்த பலகையையும் கழட்டிட்டு, புதுசு மாட்டணும்னு எழுதியிருக்காரு."

"நல்லா இருக்கு. அந்தப் பலகையைத் திருப்பிப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. போய்த் திருப்பினாள். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் தச்சர் பென்சிலால் ஓர் எண், ஒன்றிலிருந்து ஐந்து வரை. பக்கத்தில் எந்த முனை எந்தப் பக்கம் என்று ஓர் அம்புக்குறி. சிந்துவின் உற்சாகம் அங்கேயே பாதி வடிந்துவிட்டது.

செல்வராஜ் ஏணியை வைத்து ஏறி, மேல்பக்கச் சட்டம் ஒன்றைத் தளர்த்தித் தார்ப்பாய்க்குள் தலையை விட்டார். நெடுநேரம் அப்படியே நின்றார். பிறகு இறங்கி, நேரே பயித்தங்காய்ப் பந்தலுக்குப் போய் அதன் கால் ஒன்றை நகத்தால் சுரண்டினார். காய் பறிக்கப் போகிறார் போல என்று மனோஜ் முணுமுணுத்தார்.

சமையலறையில் லூசியா அம்மா எல்லோருக்கும் தேநீர் ஊற்றினார். செல்வராஜ் முதல் மிடறு குடித்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

"மனோஜ், உங்க ஆளுங்க தார்ப்பாய் எப்படி அடிப்பாங்க?"

"ஸ்டேப்பிள் கன்தான் சார். அஞ்சு நிமிஷ வேலை. இப்படிச் சட்டம் வெச்சுக் கையால அடிச்சா அரை நாள் போயிடும்."

"அது ஒண்ணு. ரெண்டாவது, பழைய பலகைக்கு நம்பர் போடுறவன், அதே பலகையை அதே இடத்துல திருப்பி மாட்டப் போறவன். புதுப் பலகை விக்க வந்தவனுக்கோ, கம்பெனி செலவுல புதுச் சுவர் கட்ட ஆசைப்படுறவங்களுக்கோ அது எதுக்கு? ஆக மனோஜும் இல்லை, நீங்களும் இல்லைம்மா."

"அப்ப புயலே அடிக்கலையா சார்?" என்றாள் சிந்து.

"அடிச்சுது. மேல நாலு வரிசையில ஆணி எல்லாம் சட்டத்துலயே நிக்குது. தலை வெளியில, பலகையைக் காணோம். காத்து பிச்சு இழுத்தா பலகை ஆணிகிட்ட கிழிஞ்சு போகும், ஆணி நின்னுடும். கீழ அஞ்சு வரிசையில ஆணியே இல்லை. அது மனுஷன் பிடுங்கினது. மேல திறந்ததால மழை சுவருக்குள்ள இறங்கியிருக்கு. கீழ்ப் பலகையை அப்படியே விட்டா உள்ள அழுகிடும். அதனால கழட்டி, காய வெச்சு, தார்ப்பாய் அடிச்சிருக்கான். தொழில் தெரிஞ்சவன். இப்ப அஞ்சும் நல்லாவே காஞ்சிடுச்சு, திருப்பி மாட்டிக்கலாம். கம்பெனி ஆள் தார்ப்பாயோட கீழ் ஓரத்தை மட்டும் தூக்கிப் பாத்துட்டுப் போயிட்டார்."

"ஆனா மேல் நாலு வரிசைப் பலகை எங்க போச்சு?"

செல்வராஜ் லூசியா அம்மாவைப் பார்த்தார். அவர் முகம் சிவந்தது.

"துண்டு துண்டா முற்றத்தில கிடந்தது தம்பி. கொம்பெனி ஆக்கள் வருகினமெண்டு சொன்னவை. வளவு குப்பையாக் கிடந்தா வாற ஆக்கள் என்ன நினைப்பினம்? எல்லாம் கூட்டிக் கழுவிப்போட்டு, நல்ல மரத்தை ஏன் எறிவானெண்டு பயித்தங்காய்க்கு நட்டனான்."

செல்வராஜ் வாய்விட்டுச் சிரித்தார். "இருபது வருஷத்துல நம்ம ஆளுங்க வீட்ல மட்டும்தான் இதைப் பாத்திருக்கேன். கம்பெனி அசெசர் பாக்க வர்றார்னா புயலையே பெருக்கித் தள்ளிடுவாங்க! சிந்து, பந்தல் காலைப் படம் எடுங்க. ஆணி ஓட்டையில கிழிஞ்சிருக்கு, இந்த வீட்டுப் பச்சைப் பெயிண்டும் இருக்கு. கம்பெனிக்கு அது போதும். இனிமே பாக்கி அந்தக் கையெழுத்து ஒண்ணுதான்."

"கழட்டினது நான்தான் எண்டு எழுதித் தாறன்," என்றார் வசீகரன்.

"வேண்டாம்," என்றார் லூசியா அம்மா. "பொய் எழுதேலாது."

செல்வராஜ் கோப்பையைக் கீழே வைத்தார். குரல் தணிந்திருந்தது.

"வந்தவன் கதவை உடைக்கலை. டிவி, கம்ப்யூட்டர் எதையும் தொடலை. ஈரச் சுவர்ல இருந்து ஐயா படத்தை மட்டும் எடுத்திருக்கான். சாரம் எங்க இருந்துச்சும்மா?"

"அலுமாரியில. அடித்தட்டில."

"வெளியாள் கையில கிடைச்ச துண்டைச் சுத்துவான். இவன் ஐயாவோட சாரம் எங்கே இருக்குன்னு தெரிஞ்சு எடுத்திருக்கான். அதையும் விடுங்க. தார்ப்பாய் அடிக்கிறவன் சுவர் முழுக்க ஒரே வீச்சா அடிச்சிட்டுப் போவான். மழை கொட்டுற நேரத்துல, இந்த ஒரு ஜன்னலுக்காக நின்னு, அளவெடுத்து, வெட்டி, மடிச்சிருக்கான். இந்த ஜன்னல்ல தினமும் ஒருத்தர் வந்து நிப்பாங்கன்னு அவனுக்குத் தெரியும். இங்க நின்னு யாரைம்மா பாப்பீங்க?"

லூசியா அம்மா ஜன்னலைப் பார்க்கவில்லை. அடுப்பைப் பார்த்தார். அடுப்பில் ஒன்றும் இல்லை.

"பள்ளிக்கூடம் விட்டு வாற நேரம் இதில நிண்டுதான் பாப்பன்," என்றார். "அந்தப் பழக்கம் இன்னும் போகேல்லை. பின்னேரம் நாலு மணிக்குக் கால் தன்ர பாட்டில இஞ்ச வந்து நிக்கும்."

"மகன் பேரு?"

"அன்றூ."

பிறகு அவர் நிறுத்தவில்லை. என்ஜினியரிங் படிப்பை விட்டுவிட்டுத் தச்சு வேலைக்குப் போனவன் அன்றூ. அதன்பின் தகப்பன் அவனோடு கதைக்கவில்லை. ஒருநாள் தகப்பனின் நெஞ்சு நின்றுபோனது. செத்த வீட்டில், வந்த சனமெல்லாம் கேட்க, உன்னை யோசிச்சு யோசிச்சே மனுசன் போனவர் என்று பெற்றவள் சொல்லிவிட்டாள். அன்று படியிறங்கியவன்தான். மனுகாவில் இருக்கிறானாம். காரில் போனால் பத்து நிமிடம்.

"பத்து நிமிசம் பிள்ளை," என்று சிந்துவின் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் அந்தச் சொல்லைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆறு வருசமா நினைக்கிறன், சொல்லாமல் விட்டிருக்கலாம்."

சிந்துவுக்கு ஸ்ருதியின் முகம் நினைவுக்கு வந்தது. பத்து நிமிடத் தூரத்தையும் பதினோராயிரம் கிலோமீட்டரையும் எப்படி ஒப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒரே மாதிரித்தான் வலித்தன.

"மகன்தான் வந்திருப்பான்னு உங்களுக்கு முன்னாடியே தோணலையாம்மா?" என்று செல்வராஜ் கேட்டார்.

"தோன்றினது. நான் அப்பிடி நினைச்சு, அது அவனில்லை எண்டு வந்தா? அதைத் தாங்கேலாது தம்பி."

"அவன்கிட்ட சாவி இருந்திருக்கே. ஆறு வருஷமாப் பூட்டை மாத்தலையா?"

"மாத்தினா, அவன் வந்தா எப்பிடி உள்ளுக்கு வாறது?"

மனோஜ் எழுந்து போய், தேவையே இல்லாமல் வெளியே ஏணியை மடித்து வைத்தார்.

"நானே போன் பண்ணி விஷயத்தைச் சொல்லிடறேன்," என்றாள் சிந்து. "ஒரே ஒரு கையெழுத்துதான்னு சொல்றேன்."

"வேண்டாம் பிள்ளை. நானே கதைக்கிறன்."

எண் போனில்தான் இருந்தது. சேர்ச்சில் யாரிடமோ வாங்கி இரண்டு வருடம் ஆகிறதாம். ஒரு நாளும் அழைத்ததில்லை. இப்போது அழுத்தினார். ஒலிபெருக்கியை எப்படி அணைப்பது என்று தெரியாததால், மணி அடிப்பது எல்லோருக்கும் கேட்டது. எங்கோ ஒரு கட்டட வேலையின் இரைச்சலுக்கு நடுவே ஆண் குரல் ஒன்று எடுத்தது.

"அம்மா?"

லூசியா அம்மா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மறுமுனையில் வாள் அறுக்கும் சத்தம் நின்றது. பிறகு அவன்தான், எதையாவது பிடித்துக்கொண்டு ஏற வேண்டும் என்பதுபோலக் கேட்டான்.

"அம்மா, அந்தப் பலகை அஞ்சும் காஞ்சிட்டுதோ?"

"இல்லை ராசா," என்றார் லூசியா அம்மா. "இன்னும் ஈரமாத்தான் கிடக்கு. நீதான் வந்து பாக்க வேணும்."

"வாறன் அம்மா. இப்பவே வாறன்."

செல்வராஜ் கையெழுத்துக்காகக் கொண்டுவந்திருந்த படிவத்தை மேஜையிலிருந்து எடுத்துச் சட்டைப் பைக்குள் மடித்து வைத்தார். "வாங்க சிந்து, கிளம்பலாம்," என்றார். "கையெழுத்தை நாளைக்கு வாங்கிக்கலாம்."